பெரியம்மாவின் புது வீடு

ஞாயிறு காலை

அன்புள்ள பட்டாணி அம்மாவுக்கு,

இங்கே நான் நலம். பட்டாணி நலம். குளியலறைக் குழாய் மட்டும் நலமில்லை, நான்கைந்து நாளாக ஒழுகிக்கொண்டிருக்கிறது. உன் நலத்தை உன் அக்கா தினமும் போனில் சொல்லிவிடுகிறார். பேசினால் உனக்கு மூச்சு வாங்குகிறதாம். அதனால் நான் பேசுவதை நீ கேட்டுக்கொண்டிருந்தால் போதும் என்று டாக்டர் சொன்னாராம். கல்யாணம் ஆன நாளிலிருந்து நான் காத்திருந்த உத்தரவு இது. கிடைத்தபோது பார்த்தால் எனக்குப் பேச வரவில்லை.

பட்டாணி எப்படி இருக்கிறாள், பள்ளியில் என்ன நடக்கிறது என்று நீ கேட்டால் "நல்லா இருக்கா, நல்லா நடக்குது" என்று முடித்துவிடுகிறேன். நேற்று கோபித்துக்கொண்டாய். "லிஃப்ட் சரியாயிடுச்சான்னு கேக்கறவங்களுக்குச் சொல்ற மாதிரி என்கிட்ட சொல்லாதீங்க, உக்காந்து எழுதுங்க" என்றாய். உட்கார்ந்துவிட்டேன். ஒரே ஒரு வேண்டுகோள். அச்சகத்தில் நீ பார்க்கும் பிழை திருத்தும் வேலையை அச்சகத்திலேயே விட்டுவிட்டு இதைப் படி. சிவப்பு மையைத் தொடாதே.

முதலில் கெட்ட செய்தியைச் சொல்லி முடித்துவிடுகிறேன். வெள்ளிக்கிழமைதோறும் டீச்சர் ஒரு தாள் கொடுத்தனுப்புவார் அல்லவா, இந்த வாரம் என்ன படித்தார்கள், அடுத்த வாரம் என்ன என்று? நீ இருந்தவரை அதை ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிவைப்பாய். நான் கதவைத் திறந்து தண்ணீர் எடுப்பேன். எனக்கும் அந்தத் தாளுக்கும் இருந்த உறவு அவ்வளவுதான். நீ போன பிறகு வந்த முதல் தாளை அவள் பையிலிருந்து நான் எடுக்கவே இல்லை. அதில் செவ்வாய்க்கிழமை மஞ்சள் உடை என்று போட்டிருந்ததாம். அன்று மாலை டீச்சர் அனுப்பிய வகுப்புப் படத்தைப் பார்த்தேன். எல்லாரும் மஞ்சள், நடுவில் சீருடையோடு ஒரே ஒரு நீலம். அந்த நீலம் நம்முடையது.

அவள் வீட்டுக்கு வந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. நானாகக் கேட்டதற்கு, "அது ஒண்ணும் இல்லப்பா, டீச்சர் மஞ்சள் பேப்பர்ல பூ பண்ணிக் குத்திவிட்டாங்க" என்று எனக்கு ஆறுதல் சொன்னாள். அன்றிலிருந்து அந்தத் தாளை மேலிருந்து கீழே, டீச்சரின் கையெழுத்து வரைக்கும் படிக்கிறேன்.

பெற்றோர் கூட்டத்துக்கும் போனேன். லிஃப்ட் வேலையிலிருந்து நேராகப் போனதால் கையில் கிரீஸ். வாசலில் துடைத்துக்கொண்டு உள்ளே போய், குழந்தைகள் உட்காரும் அந்தக் குட்டி நாற்காலியில் உட்கார்ந்தேன். முழங்கால் இரண்டும் காதைத் தொட்டன. எழுந்தால் நாற்காலியும் கூடவே வந்துவிடும் என்று பயந்து அசையாமல் இருந்தேன். அங்கே இருந்த டீச்சர் வெகுநேரம் பேசினார், நானும் தலையாட்டினேன். கடைசியில் உங்கள் குழந்தை யார் என்று கேட்டார். பதற்றத்தில் வாயில் வந்தது "பட்டாணி". எல்லாரும் சிரித்தார்கள். பிறகுதான் தெரிந்தது, நான் உட்கார்ந்திருந்தது ஏ பிரிவு. நம் பெண் பி பிரிவு. இதை நீ உன் அக்காவிடம் சொல்லிச் சிரிப்பாய் என்று தெரியும். சிரி, ஆனால் மூச்சு வாங்காமல் சிரி.

சரியான டீச்சர் பக்கத்து அறையில் இருந்தார். எப்போதும் தொண்டை கட்டினதுபோலக் குரல். ஆனால் குழந்தைகளைப் பற்றிச் சொல்லும்போது நேற்றுதான் ஊருக்குப் போய்விட்டு வந்தவர் அங்கே நடந்ததைச் சொல்வதுபோல ஆசையாகச் சொல்கிறார். கூட்டலில் பத்து சேர்ந்தால் பக்கத்து வீட்டுக்கு ஒன்றை அனுப்பப் பழகிவிட்டார்களாம். நம் பெண் அனுப்பிவிடுகிறாளாம், ஆனால் அனுப்பியதை அடுத்த வீட்டில் சேர்க்க மறந்துவிடுகிறாளாம். கடிகாரத்தில் கால் மணி, அரை மணி பார்க்கிறாள். விரல் வைக்காமல் வாசிக்கிறாள். ல, ள, ழ மூன்றும் சுத்தம். அது உன் பக்கம். எழுத்து கோணல், அது என் பக்கம்.

வரப்போகிறவை: அடுத்த இரண்டு வாரம் "நம் உடல்" என்று பாடம். அதற்குப் பிறகு நூலகத்துக்கு அழைத்துப் போகிறார்கள், தண்ணீர் பாட்டிலும் தொப்பியும் வேண்டும். பருவத்தின் கடைசி வெள்ளிக்கிழமை "பிள்ளைகள் பாடம் நடத்தும் நாள்". அன்று ஒவ்வொரு பிள்ளையும் தன் அப்பாவுக்கோ அம்மாவுக்கோ வகுப்பில் கற்ற ஏதாவது ஒன்றைச் சொல்லித்தர வேண்டும். நாம் மாணவர்கள், கையைக் கட்டி உட்கார வேண்டியது. என்ன சொல்லித்தரப் போகிறாய் என்று கேட்டேன். இன்னும் யோசிக்கவில்லை என்றாள்.

போனில் அவள் உன்னைக் கேள்வி கேட்டபோது நானும் அருகில்தான் இருந்தேன். பெரியம்மாவின் புது வீட்டுக்குப் பெயிண்ட் அடித்தாகிவிட்டதா, என்ன கலர் என்று கேட்டாள். நீ திணறியது இங்கே கேட்டது. நல்லவேளை, உன் அக்கா "வெளிர் பச்சை" என்று காப்பாற்றினார். அடுத்த வாரம் திரைச்சீலையைப் பற்றிக் கேட்பாள், இப்போதே யோசித்து வையுங்கள். நீ பெரியம்மாவுக்குப் புது வீட்டில் ஒத்தாசையாக இருக்கப் போயிருக்கிறாய் என்று சொன்னது சரிதான் என்றே நானும் நினைக்கிறேன். ஏழு வயதுக் குழந்தையிடம் ஆஸ்பத்திரி, ஆபரேஷன் என்றெல்லாம் எப்படிச் சொல்வது? குழந்தைகளை வார்டுக்குள் விடவும் மாட்டார்கள். தேதி எப்போது என்று டாக்டர் சொன்னதும் தெரிவி. மேஸ்திரியிடம் லீவு சொல்லிவைத்திருக்கிறேன்.

நேரத்துக்குச் சாப்பிடு. தூக்கம் வராவிட்டால் நர்ஸிடம் சொல்லிவிடு, விழித்துக்கொண்டு கிடக்காதே.

இப்படிக்கு,
ஏ பிரிவுக்கும் பி பிரிவுக்கும் வித்தியாசம் தெரிந்துகொண்ட
பட்டாணி அப்பா

* * *

வியாழன்

அன்புள்ள பட்டாணி அம்மாவுக்கு,

உன் அக்காவிடம் இதைப் படித்துக் காட்டச் சொல்லாதே. நீயே படி. படிக்கும் முன் தலையணையை நிமிர்த்திச் சாய்ந்து உட்கார். பயப்படும்படி ஒன்றும் இல்லை. எப்படிச் சொல்வதென்றுதான் தெரியவில்லை.

நேற்று மத்தியானம் ஒரு பத்து மாடிக் கட்டடத்தில் லிஃப்ட் கூண்டின் மேல் நின்று வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். டீச்சர் போன் செய்தார். பள்ளியிலிருந்து போன் வந்தால் எந்த அப்பனுக்கும் முதலில் தோன்றுவது என்னவென்று உனக்குத் தெரியும். குழந்தைக்கு ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டுத்தான் பேச்சையே ஆரம்பித்தார். இன்று முடிந்தால் பள்ளி விடும் நேரத்தில் வந்து ஐந்து நிமிடம் பேச முடியுமா என்றார். கூடவே வேலை செய்யும் பையனிடம் சாவியைக் கொடுத்துவிட்டுப் போனேன்.

பட்டாணி வெளியே ஊஞ்சலில் இருந்தாள். நானும் டீச்சரும் வகுப்பறையில். ஜன்னல் ஓரத்தில் மீன் இல்லாத ஒரு மீன் தொட்டி, அதில் ஒரே ஒரு நத்தை. சுவர் நிறைய இதயப் படங்கள். இந்த வாரம் இதயம் படிக்கிறார்கள். அவரவர் கையை மூடினால் எவ்வளவோ அவ்வளவுதான் அவரவர் இதயம் என்று சொல்லி, கை முஷ்டியை வைத்துச் சுற்றிவரைந்து வண்ணம் தீட்டச் சொல்லியிருக்கிறார். பிறகு அட்டைக் குழாயைப் பக்கத்துப் பிள்ளையின் மார்பில் வைத்துக் காதைக் கொடுத்துக் கேட்டார்களாம். எல்லாருக்கும் கொண்டாட்டம். நம் பெண் ஒருவரோடு நிறுத்தவில்லையாம். குழாயை எடுத்துக்கொண்டு வகுப்பு முழுக்கப் போய் எல்லாருடைய மார்பிலும் வைத்துக் கேட்டிருக்கிறாள். டீச்சரிடமும் வந்தாளாம். கேட்டுவிட்டு, "உள்ள ஒரு கதவு சரியா மூடலைன்னா வெளிய கேக்குமா டீச்சர்?" என்று கேட்டிருக்கிறாள்.

கதவு என்று டீச்சர் பாடம் நடத்தவே இல்லையாம். அது அடுத்த வாரப் பாடம்.

அவள் வரைந்த படத்தைக் காட்டினார். மற்றப் பிள்ளைகள் ஒரே இதயம் வரைந்திருக்கிறார்கள். இவள் இரண்டு. ஒன்று அவளுடைய குட்டி முஷ்டி. இன்னொன்றை டீச்சரின் கையைக் கேட்டு வாங்கி வைத்து வரைந்திருக்கிறாள். ஏன் என்றதற்கு, "பெரியவங்க கை வேணும்" என்று மட்டும் சொன்னாளாம். அந்தப் பெரிய இதயத்துக்குள் ஒரு கதவு. பாதி திறந்து நிற்கிறது. அடியில் உன் பெயரைப் பிழையில்லாமல் எழுதியிருக்கிறாள்.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. உன் இதய வால்வு, ஆஸ்பத்திரி, ஆபரேஷன், அவளுக்கு எல்லாம் தெரியும். எப்போது கேட்டாளோ, நாம் சமையலறையில் பேசியதையா, நான் என் தங்கையிடம் போனில் சொன்னதையா, தெரியவில்லை. தெரிந்துகொண்டேதான் பெரியம்மா வீட்டுக்குப் பெயிண்ட் அடித்தாயிற்றா என்று கேட்டிருக்கிறாள். நாம் சொன்ன பொய் கீழே விழுந்துவிடாமல் அவள் ஒரு பக்கம் தாங்கிப் பிடித்திருக்கிறாள்.

டீச்சர் எனக்குத் தண்ணீர் கொடுத்தார். கோபப்படவில்லை. ஆனால் சொல்ல வேண்டியதைச் சொன்னார். "வகுப்புல நடக்கறது உங்களுக்குத் தெரியணும்னுதான் வாராவாரம் எழுதி அனுப்பறேன். வீட்டுல நடக்கறதும் எனக்குத் தெரியணும். அவ கேட்டப்ப என்ன பதில் சொல்லலாம்னு தெரியாம நின்னேன். பொய் சொல்லவும் மனசு வரல, நீங்க மறைச்சதை உடைக்கவும் மனசு வரல." இதயத்தைப் பற்றிய பாடத்தை வேண்டுமானால் தள்ளிவைக்கட்டுமா என்றும் கேட்டார். வேண்டாம் என்றுதான் வாயில் வந்தது. ஏன் அப்படிச் சொன்னேன் என்று எனக்கே தெரியாது.

சொல்ல வேண்டாம் என்று முதலில் சொன்னவள் நீ. ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும் அன்று என்னிடம் கையில் அடித்துச் சத்தியம் வாங்கிக்கொண்டாய். உன்னைக் கேட்காமல் அதை மீற எனக்கு மனம் இல்லை. கேட்காமல் நேராக அவளிடம் போய்ச் சொல்லிவிடலாம் என்று நேற்று மாலை இரண்டு தடவை வாயைத் திறந்தேன். இரண்டு தடவையும் பால் வேண்டுமா என்று கேட்டு மூடிக்கொண்டேன். அவளும் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே இரண்டு தடவையும் குடித்தாள்.

போனில் இதைக் கேட்க முடியாது. அவள் பக்கத்திலேயே இருக்கிறாள். நீ எழுது. ஒரு வரி போதும். அவள் முன்னால் நான் இன்னும் எத்தனை நாள் திரைச்சீலையைப் பற்றிப் பேசுவது?

உன்னை இந்த நேரத்தில் கலங்க வைத்ததற்குத் திட்டாதே. யாரிடம் கேட்பேன்?

இப்படிக்கு,
உன்னவன்

* * *

அன்புள்ள பட்டாணி அப்பாவுக்கு,

உங்கள் கடிதம் வந்தது. தலையணையை நிமிர்த்திவிட்டுத்தான் படித்தேன். படித்து முடித்ததும் நர்ஸ் வந்து நாடி பார்த்துவிட்டு, என்ன இவ்வளவு வேகமாக ஓடுகிறது என்று கேட்டார். வீட்டிலிருந்து கடிதம் என்றேன். நல்ல செய்தியா என்றார். என் பெண் என்னைவிடப் பெரிய மனுஷி ஆகிவிட்டாள் என்று சொன்னேன்.

முதலில் கோபம்தான் வந்தது. உங்கள்மேல் இல்லை. பெற்ற குழந்தை என்னிடமே இத்தனை நாள் நடித்திருக்கிறாளே, யாரிடம் கற்றாள் என்று நினைத்தேன். பிறகு பதில் எனக்கே தெரிந்துவிட்டது. மூச்சு வாங்கும்போதெல்லாம் வேகமாக நடந்துவந்தேன் என்று அவளிடம் எத்தனை தடவை சொல்லியிருப்பேன்!

சொல்லிவிடுங்கள். முழுவதும் சொல்லுங்கள். அழகுபடுத்த வேண்டாம், பயமுறுத்தவும் வேண்டாம். அவள் கேட்பதற்கெல்லாம் பதில் சொல்லுங்கள், தெரியாததற்குத் தெரியாது என்று சொல்லுங்கள். என்னைக் கேட்காமலே சொல்லியிருக்கலாம் நீங்கள். கேட்டீர்களே, அதைப் படித்ததிலிருந்து நெஞ்சு கொஞ்சம் லேசாக இருக்கிறது. டாக்டருக்கு இது தெரிந்தால் மருந்தைக் குறைத்துவிடுவார்.

டீச்சருக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். இதயப் பாடத்தை நிறுத்த வேண்டாம் என்று நான் சொன்னதாகவும் சொல்லுங்கள். இங்கே டாக்டர் எனக்கு ஒரு படம் வரைந்து காட்டினார். அது எனக்குப் பாதிதான் புரிந்தது. அவள் வரைந்த படத்தை அனுப்பிவையுங்கள், மீதியை அதில் பார்த்துக்கொள்கிறேன்.

தேதி சொல்லிவிட்டார்கள். பருவம் முடிகிற வெள்ளிக்கு அடுத்த புதன்கிழமை. என்னைப் பார்க்க வேண்டும் என்று அந்த வெள்ளிக்கிழமையை விட்டுவிட்டு ஓடி வந்துவிடாதீர்கள். அவள் பாடம் நடத்துவதைக் கேட்டுவிட்டுப் பிறகு ரயில் ஏறுங்கள். கேட்டதை ஒன்று விடாமல் எழுதுங்கள்.

வெள்ளிக்கிழமைத் தாளையும் இனிமேல் எனக்கு அனுப்புங்கள். ஃபிரிட்ஜ் இங்கே இல்லை. கட்டில் தலைமாட்டில் ஒட்டிக்கொள்கிறேன்.

உங்கள் கடிதங்களில் பிழைகளை எண்ண ஆரம்பித்து விட்டுவிட்டேன். எதையும் திருத்தவில்லை. முதல் தடவையாக அப்படியே வைத்துக்கொள்ளத் தோன்றுகிறது.

இப்படிக்கு,
பட்டாணி அம்மா

* * *

வெள்ளி மாலை

அன்புள்ள பட்டாணி அம்மாவுக்கு,

நாளை மறுநாள் ரயிலில் கிளம்புகிறேன். திங்கள் காலை உன் கட்டிலுக்குப் பக்கத்தில் இருப்பேன். அதற்குள் எதற்குக் கடிதம் என்று கேட்பாய். நேரில் வந்தால் "நல்லா நடந்துச்சு" என்று சொல்லிவிட்டு ஆரஞ்சுப் பழத்தை உரிக்க ஆரம்பித்துவிடுவேன் என்பது உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அதனால் இன்றைக்கே எழுதிக் கூரியரில் போடுகிறேன். எனக்கு முன்னால் வந்து சேரும். என் தங்கை நேற்றே வந்துவிட்டாள். பட்டாணிக்குத் தலைபின்னி விடுவதில் அத்தைக்கும் மருமகளுக்கும் சண்டை நடக்கிறது.

அவளிடம் எப்படிச் சொன்னேன் என்பதைப் போனில் சொல்ல முடியவில்லை. உன் கடிதம் வந்த சனிக்கிழமை, சொல்ல வேண்டிய வார்த்தைகளையெல்லாம் மனத்துக்குள் வரிசையாக வைத்துக்கொண்டேன். அதற்கு முன்னால் தைரியம் வருவதற்காகக் குளியலறைக் குழாயைக் கழற்றினேன். அவள் ஸ்பானரைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். உள்ளே தேய்ந்துபோன வாஷரை எடுத்துக் காட்டினேன். அதைக் கையில் வாங்கிப் பார்த்தாள்.

"அம்மாவோட வால்வும் இப்படித்தான் தேஞ்சு போச்சா?" என்றாள்.

நான் வரிசையாக வைத்திருந்த வார்த்தை ஒன்றுகூட வரவில்லை. ஆமாம் என்றேன். நாங்கள் உன்னிடம் பொய் சொல்லிவிட்டோம் என்றேன். அவள் வாஷரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தபடி, "பரவால்ல. நீங்க ரெண்டு பேரும் அப்படித்தான் சொல்லணும்னு ஆசைப்பட்டீங்க. அதான் நானும் பெயிண்ட் கேட்டேன்" என்றாள். ஈரத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

அப்புறம் கேள்விகள். எவ்வளவு பெரிதாக வெட்டுவார்கள், வலிக்குமா, தூங்க வைப்பார்களா? தெரிந்ததைச் சொன்னேன். குழாயைச் சரிசெய்ய மேலே தண்ணீரை மூடினோமே, அதுபோல உன் இதயத்தைக் கொஞ்ச நேரம் நிறுத்துவார்கள், அதுவரை அதன் வேலையை ஒரு இயந்திரம் பார்க்கும் என்றேன். ஸ்பானரைக் கீழே வைத்தாள். பிறகு கேட்டாள்.

"நீ ரிப்பேர் பண்ணதுல திரும்ப ஓடாம போனது இருக்காப்பா?"

தெரியாததற்குத் தெரியாது என்று சொல்லச் சொன்னாய். தெரிந்ததற்குத் தெரியும் என்றுதானே சொல்ல வேண்டும்? இருக்கிறது என்றேன். ரொம்பக் குறைவு, ஆனால் இருக்கிறது. அம்மாவைப் பார்க்கிற டாக்டர் என்னைவிடக் கெட்டிக்காரர், அவர் கையில் அது இன்னும் குறைவு என்றேன். அப்போதுதான் அழுதாள். நன்றாக அழுதாள். மஞ்சள் உடை நாளில் அழாதது, உன்னை ரயில் ஏற்றியபோது அழாதது எல்லாம் சேர்த்து அழுதாள். அழுது முடித்ததும் பசிக்கிறது என்றாள். முட்டை பொரித்துக் கொடுத்தேன். இரண்டு சாப்பிட்டாள்.

திங்கட்கிழமை டீச்சரிடம் அவளே போய், பாடம் நடத்தும் நாளில் இதயம் நடத்தப்போகிறேன் என்று சொல்லிவிட்டாள்.

இனி இன்றைக்கு நடந்தது. ஒன்று விடாமல் எழுதச் சொன்னாய், எழுதுகிறேன். வகுப்பறையில் மேசைகளையெல்லாம் சுவரோரம் தள்ளியிருந்தார்கள். ஒரு மூலையில் ஒரு பையன் தன் அம்மாவுக்குக் கூட்டல் சொல்லித்தந்தான். அம்மா வேண்டுமென்றே தப்புச் செய்ய, அவன் நெற்றியைப் பிடித்துக்கொண்டான். இன்னொரு பெண் தன் அப்பாவைக் கடிகாரம் பார்க்கச் சொன்னாள். அந்த மனிதர் தன் கைக்கடிகாரத்தை எட்டிப் பார்த்துச் சொல்ல, அவள் அதைக் கழற்றி வாங்கிவைத்துக்கொண்டாள். எல்லா இடத்திலும் ஒரே சிரிப்பு.

நம் பெண் நடுவில் தரையில் சாக்பீஸால் நான்கு அறை வரைந்திருந்தாள். மேலே இரண்டு, கீழே இரண்டு. என்னை ஷூவைக் கழற்றச் சொன்னாள். எனக்கு வலது சாக்ஸில் ஓட்டை. அதை நீ கேட்கவில்லை, இருந்தாலும் ஒன்று விடாமல் என்றாயே. "இவர்தான் ரத்தம்" என்று என்னைக் காட்டி எல்லாருக்கும் சொன்னாள். என் கையில் ஒரு நீலக் காகிதத்தைக் கொடுத்து முதல் அறைக்குள் நிற்க வைத்தாள். அறைக்கு அறை அவளுடைய தோழிகள் இரண்டு கையையும் விரித்துக் கதவாக நின்றார்கள். நான் நெருங்கினால் திறப்பார்கள், தாண்டியதும் மூடிக்கொள்வார்கள். திரும்பிப் போக முடியாது. நுரையீரல் என்று ஜன்னல் ஓரத்தைக் காட்டினாள். அங்கே போய் ஊதி மூச்சு விட்டுவிட்டு, நீலக் காகிதத்தைக் கொடுத்துச் சிவப்பு வாங்கிக்கொண்டு வந்தேன். இவ்வளவு பெரிய ஆள் அந்தக் கோட்டுக்குள் சுற்றி வருவதைப் பார்க்க மற்ற மூலைகளில் இருந்தவர்களும் வந்துவிட்டார்கள்.

மூன்றாவது அறையிலிருந்து நான்காவதுக்குப் போகும் கதவு மட்டும் அவளே. நான் தாண்டியதும் ஒரு கையைத்தான் மூடினாள். இன்னொரு கை தொங்கிக்கொண்டிருந்தது. "திரும்பி வா" என்றாள். வந்தேன். "மறுபடி போ" என்றாள். போனேன். "திரும்பி வா" என்றாள். நாலைந்து தடவை ஆனதும் எனக்கு நிஜமாகவே மூச்சு வாங்கியது. அவள் எல்லார் பக்கமும் திரும்பி, வாசிக்கும்போது வருமே, அந்தத் தெளிவான குரலில் சொன்னாள்.

"பாருங்க, ரத்தம் ரெண்டு தடவை வேலை செய்யுது. இதனாலதான் எங்க அம்மாவுக்கு மூச்சு வாங்குது. அவங்க ஆஸ்பத்திரியில இருக்காங்க. புதன்கிழமை கதவை ரிப்பேர் பண்றாங்க."

டீச்சர் பின்னால் நின்று நத்தையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் சிவப்புக் காகிதத்தோடு மூன்றாவது அறைக்கும் நான்காவது அறைக்கும் நடுவில் நின்றேன். அப்போது கூட்டல் சொல்லித்தந்த பையன் வந்து, அவளுடைய தொங்கிய கையைத் தூக்கிச் சரியாக வைத்துவிட்டுப் போனான். அது பாடத்தில் இருந்ததா, அவனாகச் செய்தானா என்று தெரியவில்லை. அவள் இரண்டு கையையும் இறுக்கி மூடினாள். "இப்ப வா பாக்கலாம்" என்றாள். என்னால் திரும்பிப் போக முடியவில்லை. எல்லாரும் கைதட்டினார்கள். நான் மீதிச் சுற்றை முடித்துவிட்டு, ஷூவைத் தேடுவதுபோலக் கொஞ்ச நேரம் குனிந்தே இருந்தேன்.

பிறகு டீச்சர் அடுத்த பருவத்துக்கான தாளைக் கொடுத்தார். இதோடு வைத்திருக்கிறேன், தலைமாட்டில் ஒட்டிக்கொள். பெருக்கல் ஆரம்பிக்கிறார்கள். மழையும் மேகமும் ஒரு பாடம். வாரம் ஒரு நாள் யாராவது ஒரு பெற்றோர் வந்து வகுப்புக்குக் கதை வாசிக்க வேண்டுமாம். யார் எந்த வாரம் என்று எழுத ஓர் அட்டவணையைச் சுவரில் ஒட்டியிருந்தார்கள். நான் ஏதாவது ஒரு வாரத்தில் என் பெயரைப் போடலாம் என்று போனேன். பட்டாணி என் கையைப் பிடித்து நிறுத்தினாள். ஆபரேஷன் முடிந்து அம்மா எத்தனை நாள் படுத்திருக்க வேண்டும் என்று கேட்டாள். டாக்டர் சொன்னதைச் சொன்னேன். விரல்விட்டு எண்ணிக்கொண்டே போய், கடைசிக்கு முந்திய வாரத்தில் விரலை வைத்தாள். அங்கே உன் பெயரை எழுதச் சொன்னாள்.

டீச்சர் என் முகத்தைப் பார்த்தார். என் முகம் எப்படி இருந்ததோ, மேசையிலிருந்து பென்சிலை எடுத்தார். பிறகு மாற்ற வேண்டியிருந்தால் வசதியாக இருக்கும் என்று மெதுவாகச் சொன்னார். நான் அதை வாங்கக் கையை நீட்டிவிட்டேன். உன்னிடம் மறைக்க மாட்டேன், நீட்டிவிட்டேன்.

பட்டாணி சொன்னாள், "பேனாவுல எழுதுங்க டீச்சர்."

நீ பிழை திருத்துகிறவள், உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. சுவரில் உன் பெயர் பேனாவில் இருக்கிறது. எனக்கு மேடையில் வாசிக்க வராது, பிள்ளைகள் முன்னால் நாக்கு குழறும், ழகரம் வராது. அந்த வாரத்துக்கு என்னிடம் வேறு ஆள் இல்லை.

வந்துவிடு.

இப்படிக்கு,
உன் வீட்டுக்காரன்